மஞ்சள் விளக்கின் மேல் ஒரு பொட்டு

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மலையூர். அந்த ஊர்க் கால்நடை மருத்துவமனை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும். அதன் கைப்பிடிகளுக்கு நடுவே ஒரு மீட்டர் இருந்தது. அந்த மீட்டருக்கு இந்த உலகத்தில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது.

பிறக்கும்போதே அப்படியில்லை. அதுவும் ஒரு காலத்தில் சொன்னதைக் கேட்டு, கேட்டதைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. ஒருநாள் பெட்ரோல் டாங்குக்குள் மிதக்கிற மிதவை, "பாதிக்கு மேல இருக்குதுங்க" என்றது. மீட்டரும் பாதிக்கு மேலே கோடு காட்டியது. உள்ளே எதிலோ மாட்டிக்கொண்டு மிதவை வாய்க்கு வந்தபடி சொன்ன பேச்சு அது. அன்றைக்கு டாக்டர் பூங்கோதையும் அவள் கணவன் லோகநாதனும் கொட்டுகிற மழையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். திட்டு மிதவைக்கா விழுந்தது? அது டாங்குக்குள் சுகமாக உட்கார்ந்திருந்தது. "இந்த மீட்டர் பொய் சொல்லுதுங்க" என்றாள் பூங்கோதை. மீட்டருக்கு அழுகையே வந்துவிட்டது.

அதிலிருந்து யார் வந்து எதைச் சொன்னாலும் மீட்டர் முதலில் ஒன்றைத்தான் யோசிக்கும். இதைச் சொல்வதால் இவனுக்கு என்ன ஆதாயம்? ஆதாயம் பிடிபட்டால் நிம்மதியாகிவிடும். பிடிபடாவிட்டால் அன்று முழுக்க எரிச்சலில் இருக்கும்.

ஆனால் டாக்டரம்மாவை மீட்டருக்கு ரொம்பப் பிடிக்கும். தினமும் காலையில் துப்பட்டா முனையால் அதன் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துவிட்டுத்தான் அவள் வண்டியைக் கிளப்புவாள். தன்னைத் துடைக்கிற கையை ஒருத்தனும் ஏமாற்றிவிடக் கூடாது என்பதுதான் அதன் கவலை. சந்தேகம் அந்தப் பாசத்திலிருந்து வந்ததுதான் என்று மீட்டர் சொல்லிக்கொள்ளும். நாமும் அதை அப்படியே வைத்துக்கொள்வோம்.

திங்கட்கிழமை தோறும் விடிந்ததும் பூங்கோதை கணவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மலை இறங்குவாள். லோகநாதனுக்குக் கீழே ஒரு நூல்மில்லில் வேலை. வாரமெல்லாம் அங்கேயே தங்கிவிட்டுச் சனிக்கிழமை மேலே வருவான். மேலிருந்து கிளம்பும் முதல் பஸ் மில் நேரத்துக்குப் போய்ச் சேராது. அதனால் அடிவாரத்துப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவனைக் கொண்டுபோய் விடுவது அவள் பாடு. வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். இரண்டு பேரைச் சுமந்துகொண்டு சாய்ந்து திரும்புகிற வண்டியின் பின் டயரில் காற்றுப் போனால் என்ன ஆகும் என்று வண்டியில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

அதற்காகத்தான் டயருக்கு ஒன்றாக இரண்டு சென்சார்களை வைத்திருந்தார்கள். சென்சார் என்பது டயருக்கு உள்ளே, காற்றடிக்கிற வால்வின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பயல். எவ்வளவு காற்று இருக்கிறது என்று பார்த்து, ஒயர் கியர் எதுவும் இல்லாமல் மீட்டருக்குச் சொல்லி அனுப்புவது அதன் வேலை. வண்டி நின்றால் தூங்கிவிடும். சக்கரம் உருண்டால் விழித்துக்கொள்ளும். டயருக்குள்ளேயே கிடப்பதால் அதன் முகத்தை வண்டியில் ஒருவரும் பார்த்ததில்லை.

"மூஞ்சியே காட்டாதவன் பேச்ச எப்படி நம்பறது?" என்று மீட்டர் அடிக்கடி சொல்லும்.

மார்கழி மாதத்துக் காலை. தேயிலைச் செடிகள் தெரியாத அளவுக்குப் பனி. வண்டி கிளம்பிச் சக்கரம் நாலு உருட்டு உருண்டதும் பின் சென்சார் விழித்தது.

"மீட்டரண்ணே, காத்து முப்பத்தெட்டு. சரியா இருக்குதுங்க" என்றது. அப்புறம் கொஞ்சம் தயங்கியது. "இன்னொரு சமாச்சாரமுங்க. என் பேட்டரி தீந்துட்டு வருது. டாக்டரம்மாகிட்டச் சொல்லிப்போடுங்க."

மீட்டருக்குச் சுருக்கென்றது. "ஏண்டா, உன் வேலை என்ன?"

"காத்தப் பத்திச் சொல்றதுங்க."

"காத்து சரியா இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அப்புறம் எதுக்கு உன்னையப் பத்திச் சொல்றே?"

"நாளைக்கு நான் சத்தமில்லாமப் போயிட்டா, காத்து இருக்குதா இல்லையான்னு யாருக்கும் தெரியாமப் போயிருமுங்களே அண்ணே."

பதில் என்னவோ நியாயமாகத்தான் இருந்தது. நியாயமான பதில் கேட்டால்தான் மீட்டருக்குச் சந்தேகம் இன்னும் கூடும். ஆனாலும் சென்சார் இப்படிச் சொன்னால் மஞ்சள் விளக்கைப் போட்டாக வேண்டும் என்பது சட்டம். டயர் படம் போட்ட அந்தச் சின்ன விளக்கு ஒன்றுதான். டயரில் காற்றுக் குறைந்தாலும் அதுதான் எரியும், சென்சாருக்குப் பேட்டரி குறைந்தாலும் அதுதான் எரியும். மீட்டர் வேண்டா வெறுப்பாக அதை ஏற்றியது.

பக்கத்திலிருந்த ஹாரனுக்கு விஷயம் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. "என்னது, அவனுக்குப் பேட்டரி தீருதா? நாமெல்லாம் வண்டியோட பெரிய பேட்டரியிலதான சாப்படறோம்? அவனுக்கு மட்டும் தனிச் சமையலா?" என்று கேட்டது.

"ஒயர் போகாத எடத்துல இருக்கறான். அதனால தனியாக் குடுத்திருக்காங்க" என்றது மீட்டர்.

"தனிச் சமையல் வெச்சவனுக்கு இப்பப் பத்தலியாமா?" என்று ஹாரன் சிரித்தது. மீட்டர் அதை மனதில் குறித்துக்கொண்டது.

அன்று மதியம் பூங்கோதை அடிவாரத்தில் மாட்டு மருந்துப் பெட்டிகளை வாங்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். உச்சி வெயில். தார் ரோடு சுட்டுக் கிடந்தது. சென்சார் விழித்து, "காத்து நாப்பத்தொண்ணுங்க. சூட்டுக்கு ஏறியிருக்குது" என்றது. பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மஞ்சள் விளக்கு தானாக அணைந்தது.

மீட்டருக்குக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம். "ஏண்டா, காலைல இழுத்துட்டுக் கெடந்தவன் மத்தியானம் எந்திரிச்சு உக்காந்துட்டியா?"

"குளிர்ல பேட்டரி ஒடுங்கிப் போயிருதுங்க. வெயில் பட்டாக் கொஞ்சம் தேறுது. ஆனா தீந்துட்டு வர்றது நெசந்தானுங்க."

"மலை மேல இருந்தாச் சீக்கு, கீழ வந்தாச் சொகம். வளைவு எறங்கறப்ப ஒடம்பு சரியில்ல, சமதரையில ஓடறப்ப நல்லாயிருது. அப்படித்தான?"

"அது என் கையில இல்லீங்கண்ணே."

மீட்டர் விசாரணையைத் தொடங்கியது. முன் சக்கரத்து சென்சாரைக் கூப்பிட்டு, "உன் பேட்டரி எப்படி இருக்குது?" என்று கேட்டது.

"நல்லாத்தானுங்க இருக்குது."

"நீயும் அவனும் ஒரே நாள்தான வேலைக்கு வந்தீங்க?"

"ஒரே நாளுங்க. ஒரே டப்பாவுல வந்தோமுங்க."

"அப்ப அவனுக்கு மட்டும் எப்படித் தீரும்?"

முன் சென்சாருக்குப் பதில் தெரியவில்லை. அது பாவம், அதிகம் பேசாத ஜாதி. ஹாரன்தான் புகுந்து தீர்ப்புச் சொன்னது. "இதுல என்ன இருக்குது? பொங்கல் வருதுல்ல. புதுத்துணி கேக்கற மாதிரி புது பேட்டரி கேக்கறான்."

ஆதாயம் கிடைத்துவிட்டது. புது பேட்டரி! மீட்டருக்கு அன்றைக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

சென்சார் விடவில்லை. குளிர்ந்த காலை தோறும், "அண்ணே, என் பேட்டரி" என்று ஆரம்பிக்கும். விளக்கு எரியும். வெயில் ஏறியதும் அடங்கிவிடும். விளக்கும் அணையும். பூங்கோதைக்கு உறுத்த ஆரம்பித்தது. ஒருநாள் கீழே போனபோது சர்வீஸ் கடையில் வண்டியை விட்டாள். மதிய நேரம். மெக்கானிக் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. காற்றை அளந்து பார்த்தார். கனகச்சிதமாக இருந்தது.

"ஒண்ணும் தெரியலீங்களே மேடம்" என்றார்.

"காலைல எரியுதுங்க. நெசமா எரியுது."

"மீட்டர் எதாச்சும் ஒளறுமுங்க. திரும்ப எரிஞ்சாக் கொண்டாங்க, மீட்டரையே கழட்டிட்டு வேற போட்டர்லாம்."

மீட்டருக்கு உயிரே போய்விட்டது. மழையில் வண்டி தள்ளின நாளில் வாங்கின பெயரே இன்னும் போகவில்லை. இப்போது கழற்றிப் போடுகிற அளவுக்கு வந்தாகிவிட்டது! யாரால்? டயருக்குள் ஒளிந்துகொண்டு புது பேட்டரிக்கு அடிபோடுகிற ஒரு பொடியனால். அன்று மலை ஏறுகிற வழியெல்லாம் அது சென்சாரோடு பேசவில்லை. சென்சார் காற்றின் அளவைச் சொல்லும்போதெல்லாம், "ம்" என்பதோடு நிறுத்திக்கொண்டது.

மறுநாள் காலை விளக்கு மறுபடி எரிந்தது. லோகநாதன் அன்று ஊரில் இருந்தான். பின்னால் ஏறப்போனவன் எட்டிப் பார்த்தான்.

"இன்னும் எரியுதா அம்மிணி?"

"எரியுதுங்க. கடையில காட்டினா எரியாதாம். நம்மகிட்ட மட்டும் எரியுமாம்."

"அதையே பாத்துட்டு ஓட்டாத. ரோட்டப் பாரு."

"கண்ணுல குத்திட்டே இருக்குதுங்க" என்றாள் பூங்கோதை. ஹெல்மெட் மாட்டுவதற்காக நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்தாள். வழக்கமாக வண்டியின் கண்ணாடியில் ஒட்டிவைப்பாள். அன்றைக்கு அதை மஞ்சள் விளக்கின் மேல் ஒட்டி, விரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். விளக்கின் அளவுக்குப் பொட்டு அப்படியே பொருந்தியது.

"இப்ப எரியுதாங்க?"

"எரியல" என்று லோகநாதன் சிரித்தான்.

மீட்டருக்குப் பெருமை பிடிபடவில்லை. டாக்டரம்மா தன் பொட்டையே எடுத்துத் தனக்கு வைத்திருக்கிறாள்! ஆயுதபூஜைக்குக்கூட எல்லாருக்கும் பொதுவாகத்தான் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். ஹாரன் பொறாமையில் ஒரு கத்துக் கத்திப் பார்த்தது. பொட்டு உண்மையில் யாருக்கு விதித்த தண்டனை என்பது மீட்டருக்கும் தெரியும். சென்சாரின் வாயை அடைத்தாகிவிட்டது. சத்தமில்லாமல், சண்டையில்லாமல் காரியம் முடிந்தது.

வண்டி நகர்ந்ததும் சென்சார் கேட்டது. "அண்ணே, வெளக்கு எரியுதுங்களா?"

"எரியுது" என்றது மீட்டர்.

அது பொய்யில்லை. பொட்டுக்கு அடியில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"அப்ப டாக்டரம்மா பாத்திருப்பாங்க. நல்லதுங்கண்ணே" என்றது சென்சார்.

மீட்டர் உடனே தனக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டது. ஏமாற்றுகிறவனை ஏமாற்றினால் என்ன தப்பு?

பொங்கல் முடிந்த திங்கட்கிழமை. பனி அன்றைக்கு வழக்கத்தைவிட அடர்த்தி. எதிரே வருகிற வண்டியின் விளக்கு மட்டும் மங்கலாகத் தெரியும், வண்டி தெரியாது. லோகநாதன் பின்னால் ஒரு பை நிறையக் கரும்புத் துண்டும் பலகாரமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பூங்கோதை மெதுவாகத்தான் இறங்கினாள். மீட்டரின் திரையில் வேகமும் தூரமும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. மஞ்சள் விளக்கு பொட்டுக்கு அடியில் இருந்தது.

முதல் வளைவைத் தாண்டியதும் சென்சார் வாயைத் திறந்தது.

"அண்ணே, காத்து முப்பத்தஞ்சு. எறங்குது."

"ம்."

"முப்பத்திநாலுங்கண்ணே. என்னமோ குத்தியிருக்குது."

மற்ற நாட்களில் சென்சார் நிதானமாக, இடைவெளி விட்டுத்தான் பேசும். அன்றைக்கு ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சுவிடக்கூட நேரமில்லை. முப்பத்திமூணு என்றது. முப்பத்திமூணேதானுங்க என்றது. முப்பத்திரெண்டு என்றது.

மீட்டர் நிதானமாக யோசித்தது. பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறவன் என்ன செய்வான்? இருக்கிற கொஞ்சத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வான். ஒரு வார்த்தை பேசினால் ஒரு வார்த்தை அளவுக்குப் பேட்டரி குறையும் அல்லவா? இவன் என்னடாவென்றால் வாய் ஓயாமல் கத்துகிறான். ஆக, பேட்டரி தீர்கிறது என்பதே பொய். அது பொய்யென்றால் இதுவும் பொய். நேற்றுவரை பேட்டரி என்று சொல்லிப் பார்த்தான், பொங்கலுக்குப் புதுசு வரவில்லை. இப்போது காற்று என்று மிரட்டிப் பார்க்கிறான்.

கணக்கு அத்தனை சுத்தமாக இருந்தது. மீட்டர் தன்னையே மெச்சிக்கொண்டது.

"அண்ணே, முப்பது! வெளக்கு எரியுதுங்களா? அவங்க பாக்கறாங்களா? வண்டி இன்னும் நிக்கலியே!"

"எரியுதுடா. கத்தாத."

"எரிஞ்சா ஏங்க நிக்கல?"

மீட்டரிடம் இன்னொரு வழி இருந்தது. திரை முழுவதையும் சிவப்பாக்கிச் சிமிட்டலாம். பெரிய ஆபத்துக்கு மட்டும் செய்ய வேண்டியது அது. பொட்டு ஒட்டினாலும் மறைக்க முடியாது. ஆனால் சிமிட்டி, வண்டியை நிறுத்தி, பூங்கோதை இறங்கிப் பார்த்து, ஒன்றுமே இல்லையென்றால்? "மீட்டரையே கழட்டிட்டு வேற போட்டர்லாம்." அந்தக் குரல் மீட்டரின் காதிலேயே இருந்தது. முகம் தெரியாத ஒருத்தன் பேச்சைக் கேட்டு இரண்டாம் தடவையும் பெயரைக் கெடுத்துக்கொள்வதா?

"இருவத்தெட்டு" என்றது சென்சார். குரல் தேய்ந்திருந்தது. "அண்ணே, என்னைய நம்ப வேண்டாம். நீங்களே எதாச்சும் பாத்துக்க முடியுமுங்களா?"

இந்தப் பேச்சு மீட்டருக்குப் புதிது. நம்பு என்று கெஞ்சுகிறவனைத் தெரியும். நம்ப வேண்டாம் என்று சொல்கிறவனைப் பார்த்ததில்லை. அது கொஞ்சம் தடுமாறியது.

மீட்டர் யாரையும் கேட்காமல் தானே பார்க்கிற காரியம் ஒன்று உண்டு. முன் சக்கரம் எத்தனை சுற்று, பின் சக்கரம் எத்தனை சுற்று என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். எப்போதும் இரண்டும் கூடவே போகும். அடுத்த வளைவைத் தாண்டிக் கொஞ்சம் நேராக ரோடு வந்தபோது எண்ணிப் பார்த்தது. பின் சக்கரம் ஒரு சுற்று முந்தியிருந்தது. மறுபடி எண்ணியது. மறுபடியும் முந்தியது. காற்று இறங்கினால் சக்கரம் தரையோடு அமுங்கிச் சிறுத்துவிடும். சிறுத்த சக்கரம் அதே தூரத்தைக் கடக்கக் கூடுதலாகச் சுற்ற வேண்டும்.

முன்னால் அடுத்த வளைவு வந்துகொண்டிருந்தது. பூங்கோதை வண்டியைச் சாய்க்கத் தயாராகிவிட்டாள். பெயராவது மண்ணாவது என்று மீட்டர் திரை முழுவதையும் சிவப்பாக்கிச் சிமிட்டியது. அணைத்துச் சிமிட்டியது. தன்னால் முடிந்த மட்டும் சிமிட்டியது.

"என்னங்க இது!" என்று பூங்கோதை பிரேக்கைப் பிடித்தாள். வண்டியின் பின்பக்கம் ஒரு தடவை பாம்பு மாதிரி நெளிந்தது. லோகநாதன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். பை கீழே விழுந்து கரும்புத் துண்டுகள் ரோட்டில் உருண்டன. வளைவுக்குச் சற்று முன்னால், பாறையோரம், வண்டி நின்றது.

"நின்னாச்சுங்களா?" என்று சென்சார் கேட்டது.

"நின்னாச்சு" என்றது மீட்டர்.

"இருவத்திரெண்டுங்க" என்றது சென்சார்.

லோகநாதன் இறங்கிப் பின் டயரைக் காலால் அமுக்கினான். புசுபுசுவென்று உள்ளே போனது. குனிந்து தடவிப் பார்த்தான். ஒரு கம்பித் துண்டு ஏறியிருந்தது. அவன் நிமிர்ந்து, எதிரே இருந்த வளைவையும் அதற்கு அப்பால் பனி நிரம்பிக் கிடந்த பள்ளத்தையும் பார்த்தான்.

"இன்னம் பத்தடி போயிருந்தா அம்மிணி..." என்றான்.

"சொல்லாதீங்க" என்றாள் பூங்கோதை. மீட்டரைப் பார்த்தாள். நகத்தால் பொட்டைச் சுரண்டி எடுத்தாள். அடியில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "எப்ப இருந்து எரிஞ்சுட்டு இருந்துச்சோ, நானே மூடி வெச்சுட்டனுங்க" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சீட்டுக்கு அடியில் பஞ்சர் போடும் சாமானும் கையால் அடிக்கிற பம்பும் இருந்தன. லோகநாதன் கம்பியைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, வியர்க்க வியர்க்கக் காற்றடித்தான். நடந்து போகிற வேகத்தில் மலை இறங்கினார்கள்.

சக்கரம் உருண்டது. மீட்டர் காத்திருந்தது. சென்சார் பேசவில்லை.

"டேய்" என்றது மீட்டர். "காத்து எவ்வளவு?"

பதில் இல்லை. மீட்டரின் உள்கணக்கில் பின் டயரின் அளவு வர வேண்டிய இடத்தில் வெறும் இரண்டு கோடுகள் நின்றன.

"குளுருக்கு ஒடுங்கியிருப்பான். கீழ வெயில் வந்தாத் தேறிருவான்" என்று மீட்டர் ஹாரனிடம் சொன்னது. ஹாரன் அன்றைக்கு வம்புக்கு வரவில்லை. அடிவாரம் வந்தது. பனி விலகியது. வெயில் சுள்ளென்று அடித்தது. மீட்டர் ஒவ்வொரு மைல்கல்லுக்கும் கூப்பிட்டுப் பார்த்தது. அந்த இரண்டு கோடுகள் அப்படியே இருந்தன.

அன்று லோகநாதன் மில்லுக்குப் போகவில்லை. நேராக ஒரு டயர் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் பின் சக்கரத்தைக் கழற்றினார். டயரை விளிம்பிலிருந்து நெம்பி உருவி, வண்டிக்கு முன்னால் தரையில் போட்டார். வால்வின் அடியிலிருந்து எதையோ கழற்றி, "சென்சாருக்குப் பேட்டரி போயிருச்சுங்க" என்று பூங்கோதையின் உள்ளங்கையில் வைத்தார். தீப்பெட்டி அளவுதான் இருந்தது. மேலெல்லாம் டயரின் கருந்தூசி. மீட்டர் முதன்முதலாக அதன் முகத்தைப் பார்த்தது.

"இதுல பேட்டரி மாத்தணுமுன்னுதான் வெளக்கு எரிஞ்சிருக்குது. ஒரு பேட்டரி வாங்கிப் போட்டுறலாம்" என்றான் லோகநாதன்.

பூங்கோதை அதைத் துப்பட்டாவால் துடைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பசுவின் பல்லைப் பார்க்கிறவள் மாதிரி ஒவ்வொரு பக்கமாக விரலால் தடவினாள்.

"ஏனுங்க, இதுல திருகே இல்லீங்க."

"மூடி இருக்கும், பாரு."

"மூடியும் இல்ல. பேட்டரிய உள்ள வெச்சு, மேல எதையோ ஊத்தி மொத்தமா அடைச்சுட்டாங்க. தொறந்தா ஒடஞ்சிரும்."

"அப்பப் பேட்டரி தீந்தா?"

"இதத் தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு மாட்டோணும். அதுக்குத்தானுங்க வெளக்கு எரிஞ்சிருக்குது."

கடைக்காரர் புதிது எடுத்துவர உள்ளே போனார். பூங்கோதை பழையதைக் கடை வாசலில் இருந்த தகர டப்பாவில் போட்டாள். டக் என்று ஒரு சத்தம் கேட்டது.

மீட்டர் வெகுநேரம் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் பின் டயர் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. இத்தனை வருஷமும் மீட்டரும் டயரும் ஒரே வண்டியில்தான் இருந்தன. ஆனால் பேசிக்கொண்டதில்லை. ஒன்று முன்னால் மேலே, இன்னொன்று பின்னால் கீழே.

"அவனுக்குத் தெரியுமா?" என்று மீட்டர் கேட்டது.

"எது?"

"பேட்டரி தீந்தாப் புதுப் பேட்டரி கெடைக்காது, அவனையே தூக்கிப் போட்டுருவாங்கன்னு."

"வேலைக்கு வந்த அன்னிக்கே தெரியும்" என்றது டயர். "எனக்குப் பழைய பஞ்சர் ஒண்ணு இருந்துச்சு. அதுல காத்து ஒழுகிட்டே இருக்கும். அதனால முன்னால இருக்கறவனவிட இவன் அதிகமாப் பாக்க வேண்டியிருந்துச்சு, அதிகமாச் சொல்ல வேண்டியிருந்துச்சு. பேட்டரி அப்படியே போயிருச்சு. நான் அவனக் கேட்டேன், சத்தம் போடாம இருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமே, ஏண்டா நீயா வலியப் போய்ச் சொல்றேன்னு."

"என்ன சொன்னான்?"

"ரெண்டு பேர் நம்ம மேல உக்காந்து வளைவு எறங்கறாங்க, எனக்கப்புறம் யாராச்சும் வேணுமில்லியான்னான்."

டயர் கடையில் வேறொரு வண்டிக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது. லோகநாதன் மில்லுக்குப் போன் போட்டு லீவு சொல்லிக்கொண்டிருந்தான்.

"இத ஏன் எங்கிட்ட ஒரு நாளும் சொல்லல?" என்று மீட்டர் கேட்டது.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

மீட்டர் அவசரப்படாமல் யோசித்துப் பார்த்தது.

"இல்ல" என்றது. "அதுக்கும் ஒரு ஆதாயம் கண்டுபிடிச்சிருப்பேன்."